எச்சரிக்கைப் பலகையும் மௌனமும்

கும்பகோணத்தில் 1904ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரி 6ஆம் நாள் ஓர் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்ப உதவும் ஸ்விஃப்ட் அமைப்போடு இணைக்கப்பட்டிருந்த அச்சுப்பொறி அது. வங்கி விடுக்கும் ஒவ்வொரு பணச் செய்திக்கும் வரும் ஒப்புகையைத் தாளில் பதித்துத் தருவதே அதன் வேலை. அது நின்றுபோனதை இயந்திரக் கோளாறு என்றே ஊழியர்கள் கருதினர். மறுநாள் காலை கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான், வங்கி அனுப்பாத மூன்று பணச் செய்திகள் அதன் பெயரில் வெளியே போயிருப்பது தெரிந்தது. துபாய், துருக்கி, சீனா ஆகிய மூன்று திசைகளில் போன தொகை ஏறத்தாழ 20 லட்சம் டாலர். ஒரு தொகை வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

வலையமைப்பினுள் புகுந்தவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அச்சுப்பொறியை முடக்கியதாகும். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மைய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் களவு போனபோதும் இதே போன்று அச்சுப்பொறி மௌனமாயிற்று. நாய் குரைக்காதபடி முதலில் அதற்கு இரை போடுவது பழைய திருடர் வழக்கந்தானே!

தாள் துப்பும் ஓர் அச்சுப்பொறியைப் பாதுகாப்புக் கருவியாக நாம் நினைப்பதில்லை. ஆனால் அந்த வங்கியில் இயந்திரத்துக்கும் மனிதக் கண்ணுக்கும் இடையே இருந்த கடைசிக் கண்ணி அதுவே. இன்று கல்லூரிகள், மருத்துவமனைகள், நூற்பாலைகள் ஆகிய யாவும் கணினி வலையமைப்பால் இயங்குகின்றன. அவற்றில் அன்னியர் நுழைவதைக் கண்டறியும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. அவை தரும் எச்சரிக்கைகளை உலாவியில் ஒரு பலகையாகக் காட்டுவதும் கடினமன்று. அந்தப் பலகை எப்படி இருந்தால் மனிதக் கண்ணுக்குப் பயன்படும் என்பதுதான் கேள்வி.

முதலில் உணரியைப் பார்ப்போம். ஒரு கட்டடத்தின் கணினிகள் யாவும் ஸ்விட்ச் எனப்படும் பெட்டியில் வந்து சேர்கின்றன. தன் வழியே செல்லும் தகவல் பொதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி எடுத்து வேறொரு துளை வழியே தருமாறு அதற்குக் கட்டளையிடலாம். அத்துளைக்கு மிரர் போர்ட் என்று பெயர். அங்கே ஒரு கணினியை வைத்து ஊடுருவல் உணரியை ஓடவிட்டால், போக்குவரத்துக்கு இடையூறு இன்றி அனைத்தையும் அது கவனிக்கும். 1998இல் மார்ட்டின் ரோஷ் எழுதிய ஸ்னார்ட் இவ்வகையில் புகழ்பெற்றது. 2010இல் வெளிவந்தது சுரிகாட்டா. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கூட்டமாக வாழும் மீர்காட் என்னும் சிறு விலங்கின் அறிவியல் பெயர் அது. கூட்டம் இரை தேடும்போது ஒன்று மட்டும் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று காவல் பார்க்கும். பெயர் வைத்தவர்களின் பொருத்தத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

உணரியிடம் பல்லாயிரம் விதிகள் இருக்கும். "இன்ன பைட் வரிசை இன்ன திசையில் வந்தால் ஐயப்படு" என்பது போன்றது ஒரு விதி. பொதி விதிக்குப் பொருந்தினால், நேரம், அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, விதியின் பெயர், கடுமை எண் ஆகியவற்றை ஒரு கோப்பில் ஒரு வரியாக எழுதிவிடும். கடுமை எண்ணில் 1 என்பதே மிகக் கடுமையானது. பெரிய எண்ணைப் பெரிய ஆபத்து என்று புதியவர்கள் எடுத்துக்கொள்வதுண்டு.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு கல்லூரியில் நாளொன்றுக்கு 10 லட்சம் இணைப்புகள் நடப்பதாகவும் அவற்றுள் 10 மட்டுமே தீயவை என்றும் கொள்வோம். நம் உணரி தீயவற்றில் 100க்கு 99ஐப் பிடிக்கும். நல்லவற்றில் 100க்கு ஒன்றைத் தவறாகச் சுட்டும். தேர்வில் 99 மதிப்பெண் பெற்ற கருவிதான். ஆயினும் அது நாள்தோறும் ஏறத்தாழ 10,000 பொய் எச்சரிக்கைகளையும் 10 மெய் எச்சரிக்கைகளையும் எழுப்பும். ஓர் எச்சரிக்கையைப் பார்க்க ஒரு நிமிடம் என்றாலும், ஒரு நாளின் எச்சரிக்கைகளைப் பார்த்து முடிக்க இரவு பகலாக ஏழு நாள் ஆகும்! பொய்யை லட்சத்துக்கு ஒன்றாகக் குறைத்தாலும், கையில் மிஞ்சுபவற்றில் பாதி பொய்யே. கருவியின் திறமையைவிடத் தீயவை எவ்வளவு அரியவை என்பதே இதனைத் தீர்மானிக்கிறது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஆக்செல்சன் 1999இல் ஊடுருவல் உணரிகளுக்கு இவ்வாதத்தைப் பொருத்திக் காட்டினார். நிகழ்தகவுப் பாடத்தில் பேயஸ் தேற்றம் படித்த மாணவர்கள் இதனை உடனே இனங்கண்டுகொள்வர்.

கோவை வட்டாரத்தினருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஆட்டோகோனரில் நூல் ஓடும்போது கிளியரர் என்னும் உணரி அதன் பருமனை இடைவிடாது அளக்கிறது. தடித்த இடம் வரம்பை மீறினால் நூலை வெட்டி, காற்றின் விசையால் முனைகளை மீண்டும் இணைக்கச் செய்கிறது. வரம்பை மிக நெருக்கி வைத்தால் வெட்டுக்கு மேல் வெட்டு விழும், உற்பத்தி சரியும், ஒட்டுகளும் பெருகும். தளர்த்தி வைத்தால் குறை துணியில் போய்த் தெரியும். பஞ்சின் தரம், நூலின் நம்பர் ஆகியவற்றைப் பார்த்துத்தான் வரம்பை அமைக்கிறார்கள். பஞ்சு மாறினால் திரும்பவும் திருத்துகிறார்கள். ஊடுருவல் விதிகளையும் இவ்வாறே அவரவர் வலையமைப்புக்கு ஏற்பத் திருத்த வேண்டும். விதித் தொகுப்பை இறக்கி அப்படியே ஓடவிடுவது, வேறொரு மில்லின் அமைப்பை நம் எந்திரத்தில் வைப்பதற்கு ஒப்பாகும்.

வெள்ளத்தில் மெய் எச்சரிக்கை மூழ்கிப் போவதற்கு அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013 இறுதியில் நடந்தது சான்று. சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்கள் களவாடப்பட்டன. அந்நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவி எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதனைப் பார்த்து அமெரிக்கத் தலைமையகத்துக்கும் தெரிவித்தது என்று பின்னர் வந்த செய்திகள் கூறின. தலைமையகத்தில் உரிய நேரத்தில் நடவடிக்கை இல்லை. கும்பகோணத்தில் மணியின் நாக்கு அறுக்கப்பட்டது. இங்கு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

இனிப் பலகைக்கு வருவோம். உணரி எழுதும் வரிகளை எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் களஞ்சியத்தில் சேர்த்து, கிபானா போன்ற மென்பொருளால் உலாவியில் காட்டுவது பரவலான முறை. சுரிகாட்டாவுக்கென்றே ஈவ்பாக்ஸ் என்னும் எளிய பலகையும் உண்டு. சிறு கல்லூரிக்கு அதுவே போதும். நிறுவுவதற்கு ஒரு பிற்பகல் ஆகும். எதை எப்படிக் காட்டுவது என்று முடிவு செய்வதற்குத்தான் வாரங்கள் ஆகும்.

ஒரே விதியால் ஒரே இடத்திலிருந்து வந்த 4,000 எச்சரிக்கைகளை 4,000 வரிகளாகக் காட்டுவதில் பயனில்லை. ஒரே வரியில் எண்ணிக்கை, முதலில் வந்த நேரம், கடைசியாக வந்த நேரம் ஆகியவற்றைக் காட்டினால் போதும். 192.168.10.24 என்ற எண்ணுக்குப் பதிலாக "கட்டண அலுவலகக் கணினி" என்று காட்டினால் பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். திசை எல்லாவற்றிலும் முக்கியம். வெளியிலிருந்து நம் கதவைத் தட்டுபவர்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் இருப்பர். அது தெருவில் போகிறவர் திண்ணையைப் பார்ப்பது போன்றது. நம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கணினி நள்ளிரவில் முன்பின் அறியாத முகவரியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் அழைப்பதே கவலைக்குரியது. அத்தகைய வரி ஒன்றே ஒன்று வந்தாலும் பலகையின் உச்சியில் நிற்க வேண்டும். சுழலும் உலக உருண்டையும் அதில் பாயும் வண்ண அம்புகளும் விருந்தினருக்குக் காட்ட அழகானவை; அவற்றால் வேறு பயனை நான் கண்டதில்லை.

எச்சரிக்கையே இல்லாத பலகை இரண்டு பொருள் தரும். ஆபத்து இல்லை என்பது ஒன்று. உணரி செத்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே உணரி கடைசியாகப் பொதியைக் கண்ட நேரம் பலகையில் எப்போதும் தெரிய வேண்டும். அந்த நேரம் சில நிமிடங்கள் பின்தங்கினாலே அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். மேலும், தீங்கற்ற ஒரு சோதனைப் பொதியை நாள்தோறும் குறித்த வேளையில் நாமே அனுப்பி, அதற்கான எச்சரிக்கை பலகையை எட்டுகிறதா என்று பார்க்கலாம். ஆலைச் சங்கை நம்பிப் பொழுதை அறிந்த காலத்தில், சங்கு ஊதாத அன்றுதான் மக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உணரி உயிரோடு இருந்தும் பார்க்காமல் விடுவதும் உண்டு. கைகர் எண்ணியில் ஒரு துகளைப் பதிந்த பின் மிகச் சிறு நேரம் குழாய் செயலற்றிருக்கும். அப்போது வரும் துகள்கள் எண்ணப்படா. துகள்கள் நெருங்கி வர வர இழப்பு கூடும். சுரிகாட்டாவிலும் போக்குவரத்து உணரியின் வேகத்தை மிஞ்சினால் பொதிகள் பார்க்கப்படாமலே உதிர்கின்றன. உதிர்ந்த எண்ணிக்கையை அதுவே குறித்து வைக்கிறது. அந்த எண் பலகையில் இடம்பெறாவிட்டால், நெரிசலில் நழுவியதை அறிய வழியில்லை.

நேரம் பற்றி ஒரு சொல். களஞ்சியம் உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. இரண்டையும் கலந்துவிட்டால், எச்சரிக்கையை வருகைப் பதிவோடோ கணக்குப் பதிவோடோ ஒப்பிட இயலாது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணைப்படி, கணினிப் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும். ஆணையில் குறித்த வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்து வைக்க வேண்டும். அணுக் கடிகாரத்தின் துடிப்பு நம்மூர்க் கல்லூரியின் பதிவேடு வரை வருவது எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி தருகிறது!

பலகையும் தாக்கப்படலாம் என்பதை கும்பகோணத்து அச்சுப்பொறி உணர்த்துகிறது. அதனை இணையத்துக்குத் திறந்து வைக்கலாகாது. மாணவர் கணினிகளும் எட்டாத தனிப் பிரிவில், கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும். பதிவுகளின் படி ஒன்று உடனுக்குடன் வேறொரு கணினிக்குச் செல்லட்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. எச்சரிக்கை வரியில் எதிரி அனுப்பிய எழுத்துகளும் அடங்கியிருக்கும். பலகையை நாமே எழுதுவதானால், அவ்வெழுத்துகளை வெறும் எழுத்தாகவே காட்டச் செய்ய வேண்டும். இல்லையேல் அவற்றில் ஒளித்து வைத்த நிரலை நம் உலாவியே இயக்கிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் உணரிக்கு எல்லாம் தெரிந்துவிடாது. இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டது. கடிதத்தைப் படிக்க முடியாத அஞ்சற்காரரைப் போல, யார் யாருக்கு எப்போது எவ்வளவு அனுப்பினர் என்பதை மட்டுமே உணரி காணும். ஆயினும் நள்ளிரவு அழைப்பைக் கண்டுகொள்ள அதுவே பெரும்பாலும் போதும்.

இறுதியாக, ஒவ்வொரு வரிக்கும் அருகில் "பார்த்தவர்" என்று ஒரு கட்டம் வையுங்கள். பெயர் நிரப்பப்படாத வரி மறையக் கூடாது. அந்தப் பெயருக்கு விடுமுறையிலும் ஒருவர் வேண்டும். வங்காளதேச வங்கியில் களவு தொடங்கியது ஒரு வியாழன் இரவு. அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நியூயார்க்கில் ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் திங்கள் சீனப் புத்தாண்டு விடுமுறை. நம் ஊரில் பொங்கலும் தீபாவளியும் எந்த நாளில் வருகின்றன என்பதை நாட்காட்டி வைத்திருக்கும் எவரும் அறிவர். உள்ளிருந்து வெளியே போகும் கடுமை எண் 1 எச்சரிக்கைகளை மட்டும் பொறுப்பாளரின் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்புமாறு அமைக்கலாம். மற்றவை விடுமுறை முடியும் வரை காத்திருக்கட்டும்.