வீட்டு மின்சார வேலைக்கு மதிப்பீடு கேட்கும் முறை

புதுவீடு கட்டுவோர் செங்கல், சிமெண்டு முதலியவற்றின் விலையைப் பல கடைகளில் விசாரித்தறிகின்றனர். மின்சார வேலைக்கு மட்டும், “மொத்தமாக எவ்வளவு ஆகும்?” என்று கேட்டதோடு நின்றுவிடுகின்றனர். ஒருவர் கூறுவது கூலி மாத்திரமாக இருக்கலாம். மற்றொருவர் கூறுவது சாமான்களும் சேர்ந்த தொகையாக இருக்கலாம். இவற்றுள் குறைந்ததைத் தேர்வதில் பொருளில்லை.

ஆகையால் முதற்கண் பாயிண்டுகளை எண்ணுதல் வேண்டும். விளக்கு, மின்விசிறி, பிளக்கு ஒவ்வொன்றையும் ஒரு பாயிண்டாகக் கொள்வது வழக்கம். மாடிப்படி விளக்கிற்கு மேலும் கீழும் சுவிட்சு வைப்பின் கம்பி மிகுதியாகச் செல்லும், செலவும் கூடும். மீட்டரிலிருந்து வீட்டினுள் வரும் பிரதானக் கம்பி பெரும்பாலும் நீளத்தைக் கொண்டு தனியே மதிக்கப்படும். சுவரைக் கொத்துபவர் எவர், மீண்டும் பூசுபவர் எவர் என்பதையும் முன்னரே பேசிக்கொள்ளல் நலம். தகராறுகள் பல இங்குதான் முளைக்கின்றன. இப்பட்டியலின் ஒரே பிரதியை உரிமம் பெற்ற இருவர் அல்லது மூவரிடம் கொடுத்து, கூலியையும் சாமான் விலையையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லவேண்டும். உறவினரிடத்தும் எழுத்து மூலம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சாமான் பட்டியலில் கம்பியின் பருமன் குறிக்கப்பட்டிருத்தல் அவசியம். விளக்கு, விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும், 16 ஆம்பியர் பிளக்கிற்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டரும் உள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற செம்புக் கம்பி வேண்டும். செம்பின் விலை அடிக்கடி மாறுவதால், கூறிய விலை எந்தத் தேதி வரை செல்லும் என்றும் கேட்டுக்கொள்க.

மலிவான மதிப்பீட்டில் விடுபடக் கூடியது எர்த் எனப்படும் நில இணைப்பு. விளக்கு எரிவதற்கு அது தேவையில்லை யாகையால், அது இல்லாத குறை வெளியே தெரிவதில்லை. கிரைண்டரின் உலோகப் பாகத்தில் மின்சாரம் கசியுமாயின், பச்சைக் கம்பி வழியே அது நிலத்திற்குச் செல்லவேண்டும். அவ்வழி இல்லையேல், ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்கும் பெண்மணியின் உடலே வழியாகிவிடும். வறண்ட மண்ணில் நில இணைப்பு மாத்திரமும் போதாது. கசியும் மின்சாரம் பியூசை எரிக்குமளவு இராது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் இதற்கெனவே உள்ளது. இவ்விரண்டும் இல்லாத மதிப்பீட்டை, எவ்வளவு குறைவாயினும், ஒதுக்கிவிடுவதே என் அபிப்பிராயம்.

பணத்தைக் குழாய் பதித்தபின், கம்பி இழுத்தபின், சுவிட்சுகள் பொருத்தியபின் எனத் தவணையாகக் கொடுக்கலாம். கடைசித் தவணைக்கு முன், ஒவ்வொரு பிளக்கிலும் பச்சைக் கம்பி சேர்ந்திருப்பதை ஒயர்மேனே சோதித்துக் காட்டவேண்டும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தியவுடன் மின்சாரம் நிற்கவேண்டும்.