தேவையே இல்லாமல் திருடும் கை



களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளையை நாம் எல்லாரும் மறைக்கல்வி வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். வறுமையால் திருடுபவரை நமக்குத் தெரியும், பேராசையால் திருடுபவரையும் தெரியும். இன்று நாம் சிந்திக்க விரும்புவது இந்த இரண்டிலும் சேராதவர்களைப் பற்றி. அவர்கள் பையில் பணம் இருக்கும். எடுப்பதோ ஒரு சோப்பு, அல்லது தலைக்குப் போடும் கிளிப். அதே பொருள் வீட்டு அலமாரியில் பிரிக்காமலே கிடக்கும். ஆனாலும் கை போகிறது.

இதற்கு மருத்துவத்தில் கிளெப்டோமேனியா என்று பெயர். 1816-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆந்த்ரே மத்தே இதைத் தனி நோயாக எழுதினார். ஆயிரம் பேரில் மூன்று முதல் ஆறு பேருக்கு இது இருக்கலாம் என்றும், ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: கடையில் பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நோயாளிகள் அல்லர். 'எனக்கு நோய்' என்று சொல்லித் தப்பிக்க இது வழியுமல்ல. தவறு என்று தெரிந்தே எடுப்பதால் சட்டமும் பொதுவாக இவர்களை விட்டுவிடுவதில்லை.

புனித அகுஸ்தினார் தம் 16-ஆம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைத் தம் 'அறிக்கைகள்' நூலில் எழுதியிருக்கிறார். பசிக்காக அல்ல, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். திருடுவதே இனித்தது என்கிறார். ஆனால் தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்றும் அவரே சொல்கிறார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. நாம் சொல்லும் நோயாளி தனியாகவே எடுக்கிறார். திட்டம் போடுவதில்லை, யாரிடமும் பெருமை பேசுவதில்லை. எடுப்பதற்குமுன் நெஞ்சில் ஓர் இறுக்கம் ஏறுகிறது. எடுத்த நொடியில் அது தளர்கிறது. வீடு வருவதற்குள் வெட்கம் வந்து அமுக்குகிறது. 'இதுவே கடைசி' என்கிறார். மறுவாரம் மீண்டும் அதே இறுக்கம். குடியில் சிக்கிய ஒருவரோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சுற்று புதிதல்ல.

இந்த ஒற்றுமையை மருத்துவர்களும் கவனித்தார்கள். குடிநோய்க்குத் தரப்படும் நால்ட்ரெக்சோன் மாத்திரையை அமெரிக்காவில் 25 பேரை வைத்து எட்டு வாரம் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை பெற்றவர்களிடம் திருடும் உந்துதலும் திருட்டும் நன்றாகக் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான். கல்லீரலைச் சோதித்து மருத்துவர் மட்டுமே தரவேண்டிய மருந்து அது. இதோடு மனப்பயிற்சியும் உண்டு: கை நீளும் அந்த நொடியிலேயே, பிடிபடுவதையும் பிள்ளைகள் பார்த்து நிற்பதையும் மனக்கண்முன் கொண்டுவரப் பழக்குகிறார்கள். கடைக்குத் துணையோடு போவது, பெரிய பை கொண்டுபோகாதது போன்ற எளிய தடுப்புகளும் உதவும்.

நம் படூரில் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்த காலம் போய், நாமே அலமாரியிலிருந்து எடுத்துக் கூடையில் போடும் கடைகள் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக வந்துவிட்டன. உந்துதல் உள்ளவருக்கு ஒவ்வொரு அலமாரியும் ஒரு சோதனை.

அன்பார்ந்தவர்களே, ஒப்புரவு அருளடையாளம் பாவத்தை மன்னிக்கிறது. ஆனால் அங்கே கேட்டதை அருள்பணியாளர் எவரிடமும், மருத்துவரிடமும்கூட, சொல்ல இயலாது. ஆகவே மருத்துவரிடம் வாய்திறக்க வேண்டியவர் அவரேதான். பழக்கமும் மனநிலையும் ஒருவரின் குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று திருஅவையின் மறைக்கல்வி ஏடே கற்பிக்கிறது. நோய் என்று ஏற்றுக்கொள்வது விசுவாசக் குறைவாகாது.

'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரித்தே நாம் பலரை வாயடைத்துவிட்டோம். அங்குள்ள அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது; எத்தனையோ குடும்பங்களுக்கு அது நிம்மதி தந்திருக்கிறது. நமக்கு அருகிலேயே கேளம்பாக்கம் செட்டிநாடு மருத்துவமனையிலும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயங்குபவர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வெட்கம் முற்றி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்களும் உண்டு. அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே அழையுங்கள்.

வீட்டில் ஒளித்து வைத்த பொருள்களைக் கண்டுபிடிக்கும் குடும்பத்தார் அடிக்கவும் வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம், கோபத்தில் குப்பையில் எறியவும் வேண்டாம். மன்னிப்புப் பெற்றாலும் ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை. சக்கேயு நான்கு மடங்கு திருப்பித் தர முன்வந்தார். பொருளையோ அதன் விலையையோ, எடுத்தவர் பெயரைச் சொல்லாமலே, பங்குத்தந்தை வழியாகவும் கடைக்காரரிடம் சேர்ப்பிக்கலாம்.