விடியற்காலை மூக்கடைப்பு

ஸுபுஹு பாங்கொலி கேட்டுக் கண்விழிக்கும்போதே உங்களில் சிலருக்கு மூக்கு அடைத்திருக்கும். ஒளுச் செய்கையில் நாசிக்குள் தண்ணீர் ஏறாது. தொடர்ந்து பத்துத் தும்மல். வெயில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிடும். "பனி பட்டுவிட்டது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஆனால், ஜலதோஷம் ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் நீங்கிவிடக் கூடியது. மாதக் கணக்கில் காலைதோறும் வருவது பெரும்பாலும் ஒவ்வாமையே. அதன் காரணத்தை முதலில் உங்கள் தலையணையில் தேடுங்கள்.

அதனுள் தூசி உண்ணிகள் எனப்படும் சிற்றுயிர்கள் வாழ்கின்றன. அரை மில்லிமீட்டர் அளவுகூட இல்லாதவை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களே அவற்றின் உணவு. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் அவை நன்கு பெருகும். அவை கடிப்பதில்லை. அவற்றின் எச்சத்தை இரவெல்லாம் சுவாசிப்பதே தொல்லை தருகிறது. படுத்திருக்கையில் மூக்கின் உட்சவ்வில் இரத்தம் தேங்கி அது தடிப்பதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க நாசி அடைத்துக் கொள்வதைக் கவனித்திருப்பீர்கள்.

உறைகளையும் விரிப்புகளையும் வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். உம்மா தந்த சீர்த் தலையணை என்று இருபது ஆண்டுகளாக அதே இலவம்பஞ்சில் தலை சாய்ப்போர் உண்டு. பாசம் வேறு, பஞ்சு வேறு! படுக்கையறையில் கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

இவற்றினும் பெரிய தீங்கு, கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தால் விளைகிறது. ஸைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் போன்றவை ஐந்தே நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் ஐந்து நாட்களுக்கு மேல் நீடித்தால் மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கும். மீண்டும் சொட்டு, மீண்டும் வீக்கம். ஈற்றில் தலையணையடியில் அந்தக் குப்பியின்றி உறங்க முடியாத நிலை வந்துவிடும். ஒவ்வாமைக்கென மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு வகை; அது மெதுவாகவே பலன் தரும். இரண்டையும் ஒன்றெனக் கருதி அதனை நிறுத்திவிடாதீர்கள். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவோர், கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

குழந்தைகள் வாயைத் திறந்தபடி குறட்டையுடன் உறங்கினால், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டுச் சதை பெருத்திருக்கக்கூடும். ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வடிந்தால், விளையாட்டாகத் திணித்துக்கொண்ட பாசிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே இருக்கலாம். நீங்களே குச்சி விட்டுத் துழாவாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.