மாணவர் கோப்பு: உழைப்புக்கு ஒரு சான்று

செய்த பணி சிறந்தது. அதனைச் செய்தமைக்குரிய பதிவு அதற்கு அரண். திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள திருவெள்ளறை இவ்வுண்மையைக் கல்லில் காட்டுகிறது. அங்குள்ள சுவஸ்திக வடிவக் கிணற்றை ஆலம்பாக்கத்து விசயநல்லூழானின் தம்பி கம்பன் அரையன், பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்தான் எனக் கல்வெட்டு கூறுகிறது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பெயர். செய்தவர் யார், செய்த பணி யாது, தொடங்கியது எப்போது, முடிந்தது எப்போது என்னும் நான்கு வினாக்களுக்கும் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்குப் பின்னும் விடை கிடைக்கிறது. கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் தம் கோப்பும் இந்நான்கு வினாக்களுக்கு விடை கூறுதல் வேண்டும்.

ஆய்வகப் பதிவு

1888இல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். அம்மாதத்தில் அவருடன் பணியாற்றிய கே. எஸ். கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு, ஆய்வு எவ்வாறு வளர்ந்தது என்பதை அறியப் பிற்கால வரலாற்றாசிரியர்க்கு உதவிற்று. நிகழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டமையே அதன் மதிப்பு.

நம் ஆய்வகங்களில் குறிப்பேடு இரு வகைப்படும். செய்முறையின்போதே அளவீடுகளை எழுதுவது ஒன்று. பின்னர்த் திருத்தமாக எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் பெறும் ரெக்கார்டு நோட்டு மற்றொன்று. மாணவர் பலர் முன்னதை எறிந்துவிட்டுப் பின்னதை மட்டும் காக்கின்றனர். ஆயினும் உண்மையான சான்று முன்னதே. தரம்பார்த்தலில் பியூரெட் அளவு முதன்முறை 20.6 மி.லி. எனவும், அடுத்த இருமுறை 20.2 மி.லி. எனவும் வந்தால், மூன்றையும் எழுதுக. முதல் அளவை அழித்தல் ஆகாது. தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகே சரியானதை எழுதுக. அடுத்த மாணவரின் விடையைப் பார்த்து எழுதிய ஏடு மதிப்பெண் தரலாம். நேர்முகத் தேர்வில் ஒரு வினாவுக்கும் துணை நில்லாது.

கோப்பில் எல்லாச் செய்முறைகளையும் அடுக்க வேண்டுவதில்லை. நான்கைந்து செய்முறைகளையும் ஆய்வுத் திட்ட அறிக்கையையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நோக்கம், பயன்படுத்திய கருவி, கிடைத்த முடிவு, பிழைக்கான காரணம், குழுப்பணியாயின் தாம் செய்த பகுதி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தல் போதும்.

பணிக்குரிய ஆவணங்கள்

கணிதமேதை இராமானுசன் வேலை தேடிய காலத்தில் பட்டம் பெற்றிருக்கவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, மேற்படிப்பைத் தொடர இயலாமையை மறைக்காது எழுதினார். கணிதத்தில் தாம் ஈடுபட்டு வருவதையும் குறித்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரைக் கடிதம் அவருக்குத் துணையாயிற்று. வேலையும் கிடைத்தது. குறையை ஒளியாமையும் திறனை அறிந்தவரின் சொல்லும் விண்ணப்பத்துக்கு வலிமை தருவன என்பதே இதன் பாடம்.

மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரியாயின் அதற்குரிய சான்றிதழ், பயிற்சிச் சான்றுகள் ஆகியவற்றைக் கால வரிசையில் அடுக்கி, முதல் பக்கத்தில் பொருளடக்கம் எழுதுக. மூலச் சான்றுகளில் துளையிடுதலும் அவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டுதலும் வேண்டா. நகல்களைத் தனியே வைத்து, 2015 முதல் செயற்படும் டிஜிலாக்கரில் கிடைப்பனவற்றையும் சேமித்துக்கொள்க. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும் என்பதையும் மறவாதீர்.

பெயரில் தனிக்கவனம் தேவை. முகமது என்னும் பெயரே ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுகிறது. பள்ளிச் சான்றில் ஒரு விதமும் ஆதார் அட்டையில் வேறு விதமும் இருப்பின், தேர்வில் வென்றவரும் சான்று சரிபார்ப்பில் தடைபட நேரும். தலைப்பெழுத்து, பிறந்த நாள், தந்தை பெயர் ஆகியவற்றை முதலாண்டிலேயே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது நலம். இறுதியாண்டில் விண்ணப்பமும் தேர்வும் ஒருங்கே நெருக்கும்போது இதற்குக் காலம் இராது.

பெற்றோர் பலர்க்கு இவ்வாவணங்களின் பயன் தெரியாதிருக்கலாம். தம் இல்லத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்தவர்க்கு வழிகாட்ட அண்ணனோ அக்காளோ இரார். ஆகவே ஆசிரியப் பெருமக்கள் பருவத்துக்கு ஒருமுறை மாணவர் கோப்பைப் பார்வையிடுதலும், பணியில் அமர்ந்த முன்னாள் மாணவர் தம் கோப்பை இளையோர்க்குக் காட்டுதலும் பெரும் பயன் விளைக்கும்.

மாணவச் செல்வங்களே, கோப்பின் கனம் தாள்களின் எண்ணிக்கையால் வருவதன்று. அதன் எந்தப் பக்கத்தைப் புரட்டி வினவினாலும், "இது நான் செய்தது, இவ்வாறு செய்தேன்" என்று தலைநிமிர்ந்து விடை கூறும் ஆற்றலால் வருவது. அத்தகைய முதற்பக்கத்தை இப்பருவத்திலேயே எழுதத் தொடங்குவீர்!