இரவில் நாலு தடவை எழுந்திருக்கிறீர்களா? பிராஸ்டேட் வீக்கமும் மூலிகை மாத்திரையும்

தாராவியில் எங்கள் சாலில் குடியிருக்கும் அண்ணாச்சிக்கு வயது 64. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பட்டறையில் 30 ஆண்டுகள் உழைத்தவர். இரவில் நாலு தடவை எழுந்து, டார்ச் விளக்குடன் தெருமுனைப் பொதுக் கழிப்பிடத்துக்கு நடப்பார். என்னவென்று கேட்டால், "வயசாகுதுல்லா தம்பி!" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. யாரோ சொன்னதை நம்பி, ஒரு குப்பி மூலிகை மாத்திரை வாங்கினார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. இப்படியே எட்டு மாதம் ஓடியது. ஒரு மழை நாளில் ஜலதோஷம் பிடிக்க, கடையில் சளி மாத்திரை வாங்கி விழுங்கினார். அன்றிரவு ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. விடியும் முன் டாக்சியில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரப்பர் குழாய் செருகிய பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. "இத்தனை நாள் ஏன் வரவில்லை?" என்று டாக்டர் கேட்டார். அண்ணாச்சி தலை குனிந்தார்.

இந்தக் கூச்சம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது என்ன சுரப்பி?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க் குழாயை மோதிரம்போல் சுற்றி இருப்பது பிராஸ்டேட் சுரப்பி. வாலிபத்தில் அதன் எடை சுமார் 20 கிராம். 40 வயதுக்குப் பிறகு பலருக்கு மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. 60 வயதில் ஏறக்குறையப் பாதி ஆண்களுக்கு இந்தப் பெருக்கம் உண்டு. மோதிரம் பெருத்தால் குழாய் நெரிபடும். சிறுநீர் மெலிந்து வரும். நின்று நின்று வரும். போய்வந்த பிறகும் பாக்கி இருப்பதுபோல் தோன்றும்.

இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடும். தொல்லையும் ஒன்றுபோலவே தெரியலாம். எது என்று பரிசோதித்தால்தான் தெரியும்.

குப்பிக்குள் என்ன?

இந்தத் தொல்லைக்கென்று விற்கும் மாத்திரைகளில் பேர்போனது 'சா பால்மெட்டோ'. அமெரிக்காவில் ஃபுளோரிடா பக்கம் வளரும் ஒரு குட்டைப் பனையின் பழச்சாறு அது. 2006-ல் 225 பேரை வைத்து ஓர் ஆண்டு சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. பலனில் வித்தியாசம் இல்லை. "அளவு போதாமல் இருக்கலாம்" என்று 2011-ல் 369 பேருக்கு மூன்று மடங்குவரை ஏற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் வெற்று மாத்திரையை அது மிஞ்சவில்லை.

அப்படியானால், "எனக்குக் கேட்டது" என்று பலர் சொல்கிறார்களே? அதுவும் பொய்யல்ல. அந்தச் சோதனையில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தொல்லை கொஞ்சம் குறைந்தது! இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். இறங்கும் நேரத்தில் கையில் இருந்த குப்பிக்குப் புகழ் போய்விடுகிறது.

தாவரங்களில் உள்ள 'பீட்டா சிட்டோஸ்டெரால்' என்ற சத்து கொஞ்சம் நம்பிக்கை தந்தது. 1995-ல் வெளியான சோதனையில் 200 பேரில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு 6 மாதத்தில் சிறுநீர் ஓட்டம் கூடியது. ஆனால் சுரப்பி சுருங்கவில்லை. பரங்கி விதையைக் கொறிக்கலாம், நல்ல உணவு. அதையே வைத்தியமாக நம்பி உட்காரக் கூடாது. நெருஞ்சிலும் மாவிலங்கப் பட்டையும் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நம் வைத்தியத்தில் வழங்கி வருபவை. கல்லடைப்பு வேறு, இது வேறு. சித்த மருந்து வேண்டுமானால் படித்துப் பட்டம் பெற்ற வைத்தியரிடம் போங்கள். ரயிலில் விற்பவரிடம் வேண்டாம்.

சாப்பாடு உதவுமா?

ஓரளவு உதவும். அமெரிக்காவில் 4,770 ஆண்களை 7 ஆண்டுகள் கவனித்து 2008-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தினமும் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்றவற்றையும், கொழுப்பை அதிகமாகவும் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வந்தது. காய்கறி நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக வந்தது. சத்து மாத்திரைகளால் லாபம் தெரியவில்லை. ஆனால் இது வராமல் இருப்பதைப் பற்றிய கணக்கு. வந்த வீக்கத்தைக் கரைக்கும் கணக்கல்ல.

வந்தவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. படுக்கப் போவதற்கு 2 மணி நேரம் முன்பே தண்ணீர், டீ எல்லாவற்றையும் நிறுத்திக் கொள்ளுங்கள். பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மாலையில் 'கட்டிங்' சாய்மேல் சாய் அடிப்பதும் மதுவும் சிறுநீர்ப்பையைக் கிளறிவிடும். மலச்சிக்கலும் தொல்லையைக் கூட்டும். கீரையும் காயும் அதற்கு மருந்து. டிக்கெட் கவுண்டரில் உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை: வரிசை நீண்டாலும் நீண்டுபோகட்டும், சிறுநீரை அடக்காதீர்கள்.

சளி மாத்திரை, ஜாக்கிரதை!

மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகள் பையின் பலத்தைக் குறைக்கும். அண்ணாச்சிக்கு அன்றிரவு நேர்ந்தது இதுதான். பிராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் இவற்றை டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

சிறுநீர் அடியோடு நின்றால், ரத்தம் கலந்து வந்தால், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவில் அடிக்கடி எழுந்தால் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும். சுரப்பி வீக்கத்துக்கு இரண்டு வகை மாத்திரைகள் உண்டு. ஒன்று குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே தெரியும். மற்றது சுரப்பியைச் சுருக்கும். 6 மாதமாவது பொறுக்க வேண்டும். பலருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதே இல்லை.

அண்ணாச்சிக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். தினம் ஒரு மாத்திரை. இரவில் ஒரே தடவைதான் எழுகிறார். மூலிகைக் குப்பி அவருக்கு விஷமாகவில்லை. அது அவரிடமிருந்து பறித்தது எட்டு மாத காலம்.

இப்போது காலையில் கழிப்பிட வரிசையில் நின்றுகொண்டு, பெரியவர் யாராவது தவித்தால் அவரே கேட்கிறார்: "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கீய? வெக்கப்படாமச் சொல்லும்வே!"

உங்கள் வீட்டுப் பெரியவரை நீங்கள் கேட்டீர்களா?