உப்புத்தாள் இயந்திரம்

தச்சர் ஒருவர் இழைப்புளியைப் பலகைமேல் ஓட்டும்போது, அதன் வாயிலிருந்து மரச்சுருள்கள் வெளிவரும். மெல்லிய நாடாப் போன்ற அச்சுருள்கள் அவர் காலடியில் விழுந்து குவியும். மாலையில் அவற்றைக் கூட்டிச் சேர்த்தால் அடுப்பெரிக்க உதவும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போதோ சுருள் வருவதில்லை, தூள் வருகிறது. கையால் தேய்த்தால் அத்தூள் சிறிதளவே எழும். அதே வேலையை மின்சாரத்தால் ஓடும் இயந்திரத்திடம் ஒப்படைத்தால், மணிக்கணக்கில் ஆகும் வேலை நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். தூளும் அதற்கேற்பப் பெருகும். இவ்வியந்திரத்தால் விளையக்கூடிய தீங்குகளுள் கண்முன் தெரிவன பல, தெரியாதது ஒன்று. அந்த ஒன்றே பெரிது.

மேசைமேல் வைத்து இயக்கும் இவ்வியந்திரத்தைப் பட்டறைகளில் ‘சாண்டர்’ என்றே வழங்குவர். பொம்மை, பெட்டி, படச்சட்டம் முதலியவற்றை வீட்டிலேயே செய்து மகிழ்வோர் பெரும்பாலும் வாங்குவது, வாரும் வட்டும் ஒருங்கே அமைந்த வகையாகும். இரண்டு உருளைகளின்மேல் வளையமாகச் சுற்றி வரும் உப்புத்தாளே வார் எனப்படும். முகத்தில் உப்புத்தாள் ஒட்டப்பெற்று, செங்குத்தாக நின்று சுழலும் தகடே வட்டு. வட்டின்முன் சிறு மேடை ஒன்று உண்டு. மரத்துண்டை அம்மேடைமேல் வைத்து, வட்டின் முகத்தில் மெல்ல அழுத்தித் தேய்த்தல் வேண்டும். உப்புத்தாளின் பின்புறத்தில் 60, 80, 120 என எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். எண் சிறிதாயின் தாள் மிகச் சொரசொரப்பாக இருக்கும். எண் பெரிதாக ஆக நயமாகும். பெயரில் உப்பு இருப்பினும், இத்தாளில் உப்பு இல்லை. அலுமினிய ஆக்சைடு போன்ற கடினமான பொருள்களின் துகள்களே அதன்மேல் ஒட்டப்பட்டுள்ளன.

15 செ.மீ. விட்டமுள்ள வட்டு ஒன்று நிமிடத்திற்கு 2,800 முறை சுழல்வதாகக் கொள்க. அதன் விளிம்பு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 1,320 மீட்டர் தொலைவு ஓடுகிறது. மணிக்கு 79 கிலோமீட்டர்! சாலையில் விரைந்து செல்லும் பேருந்தின் வேகம் இது. ஆயினும் வட்டு நின்ற இடத்திலேயே சுழல்வதால், பார்ப்பவருக்கு அவ்வேகம் தோன்றுவதில்லை. விரல் பட்டால் தோல் உரிந்த பின்னரே வலி தெரியும்.

சுழலும் வட்டின் ஒரு பாதி கீழ்நோக்கி வரும். மறுபாதி மேல்நோக்கிச் செல்லும். கீழ்நோக்கி வரும் பாதியில் வைத்த மரத்துண்டை வட்டே மேடையோடு அழுத்திக் கொடுக்கும். மேல்நோக்கிச் செல்லும் பாதியில் வைத்தாலோ, துண்டைத் தூக்கி எறிந்துவிடும். அதனைப் பற்றியிருந்த விரல்கள் பிடிப்பிழந்து உப்புத்தாளில் போய் மோதும். வட்டின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி விடலாம் என எண்ணுவதே புதியவர் பலர் செய்யும் பிழை. பாதி வட்டு பயன்படாமற் கிடப்பது வீண் அன்று, அதுவே முறை.

மேடைக்கும் வட்டுக்கும் இடையே உள்ள இடுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. இடுக்கு அகன்றிருப்பின், மெல்லிய துண்டு அதனுள் இழுக்கப்பட்டுச் சிக்கிக்கொள்ளும்; விரல் நுனியும் அதனைப் பின்தொடரக் கூடும். மிகச் சிறிய துண்டுகளை விரலாற் பற்றித் தேய்த்தல் தகாது. பெரியதொரு கட்டையோடு பொருத்தி, அக்கட்டையையே பிடித்துக்கொள்ள வேண்டும். கையுறை அணிந்தால் கைக்குக் காப்பாகும் என்று எண்ணுவது இயல்பு. இங்கோ கையுறையே பகை. அதன் ஒரு நூல் சிக்கினாலும் கை முழுவதும் இழுபடும். தோளில் தொங்கும் துண்டு, தாவணியின் தலைப்பு, சங்கிலி, வளையல், அவிழ்ந்த கூந்தல் ஆகிய யாவும் அத்தகையனவே. கண்ணாடிக் காப்பு கண்களுக்கு இன்றியமையாதது.

இவையெல்லாம் கண்முன் நிகழ்வன. ஒருமுறை கண்டவர் மறவார். தூளின் தன்மை வேறு. அதன் கதையை அறிய இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

பக்கிங்காம்சயரில் ஹை விக்கம் என்றோர் ஊர் உளது. சூழவுள்ள சில்ட்டர்ன் குன்றுகளில் பீச் மரங்கள் செழித்திருந்தமையால், அவ்வூர் நாற்காலித் தொழிலில் பெரும்புகழ் பெற்றது. அவ்வூர்க் கால்பந்துக் குழுவினரை இன்றும் ‘நாற்காலிப் பிள்ளைகள்’ என்று செல்லமாக அழைப்பர். முன்னாளில் கைக்கருவிகளால் நடைபெற்ற அத்தொழிலில் பின்னர் இயந்திரங்கள் புகுந்தன. ஆலைகளில் தூள் நிறைந்தது. தூள்தானே என்று எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1960-களில் அப்பகுதியில் பணியாற்றிய எஸ்மே ஹாட்ஃபீல்டு என்னும் அம்மையாரும், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மக்பெத் என்பவரும் மூக்கு, தொண்டை நோய்களுக்கு மருத்துவம் செய்துவந்தனர். மூக்கின் உட்புறத்தில் தோன்றும் அரியதொரு புற்றுநோய், மரச்சாமான் செய்யும் தொழிலாளரிடையே மீண்டும் மீண்டும் காணப்படுவதை அவர்கள் கவனித்தனர். பிறரிடம் மிக அருகியே காணப்படும் நோய் அது. அச்செசன் முதலியோருடன் சேர்ந்து அவர்கள் ஆராய்ந்து கண்ட முடிவு, 1968-இல் பிரிட்டனின் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. மரச்சாமான் தொழிலில் எழும் தூளோடு அந்நோய்க்குத் தொடர்புண்டு என்பது தெளிவாயிற்று. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதியாகத் தெரிந்த பொருள்களின் வரிசையில் மரத்தூளை 1995-இல் சேர்த்தது.

மூக்கு ஏன் இதற்கு இரையாகிறது? உள்ளே செல்லும் காற்றை வடிகட்டுவது அதன் தொழில். சற்றுப் பரிய துகள்கள் அங்கேயே தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் நுண்ணியவையோ, அதனையும் கடந்து நுரையீரலுக்குள் செல்லவல்லன. சிலர்க்கு ஆஸ்துமாவும், தேக்கு, ஈட்டி முதலிய மரங்களின் தூளால் தோலில் அரிப்பும் உண்டாதல் உண்டு. புற்றுநோயோ தூள் புகுந்த அன்று தோன்றுவதன்று. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்படும். வட்டில் பட்ட விரல் உடனே பாடம் புகட்டும். தூள் அவ்வாறு புகட்டுவதில்லை.

ஹை விக்கம் தொழிலாளர் ஆண்டாண்டாக, நாள்தோறும், நாள் முழுவதும் தூளில் நின்றவர்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் பொம்மை செய்பவரின் நிலை அதுவன்று. அவர் அஞ்சி இயந்திரத்தைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆனால், ஆலையைவிட வீட்டறை சிறியது. சன்னல் மூடியிருக்கும்; அடுத்த அறையில் குழந்தை உறங்கும். அவர் எழுப்பும் தூளை அவர் மட்டுமே சுவாசிப்பதில்லை.

இயந்திரத்தோடு வரும் துணிப்பை பரிய தூளைப் பிடிக்கும். நுண்ணிய தூளைத் தன் இழைகளின் வழியே காற்றில் விட்டுவிடும். ஆதலின், தூளை உறிஞ்சும் கருவி ஒன்றைக் குழாயால் இயந்திரத்தோடு இணைத்தல் நலம். இயலுமாயின் இயந்திரத்தையே தாழ்வாரத்துக்குக் கொண்டு வரலாம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது பயன்படாது. நுண்துகளை வடிகட்டும் ‘என் 95’ போன்ற முகமூடியை, விளிம்பு முகத்தோடு படியுமாறு அணிதல் வேண்டும். தாடி வைத்திருப்போர்க்கு அது படிவதில்லை. வேலை முடிந்த பின்னர்த் தூளைத் துடைப்பத்தால் கூட்டுவதும், காற்றால் ஊதுவதும், சட்டையை உதறுவதும் அடங்கிய தூளை மீண்டும் எழுப்புவனவேயாம். ஈரத்துணியால் துடைத்தல் நன்று.

தூளுக்குத் தீயோடும் உறவுண்டு. பையில் மரத்தூள் இருக்கும்போது அதே இயந்திரத்தில் இரும்பாணியைத் தேய்ப்பின், பறக்கும் பொறி தூளினுள் விழுந்து மறைந்து கனன்று கொண்டிருக்கும். அனைவரும் உறங்கிய பின்னர்த் தீப்பற்றலாம். காற்றில் நிறையக் கலந்த மரத்தூள் வெடிக்கவும் செய்யும். இங்கிலாந்தில் போசுலி என்னும் ஊரிலிருந்த மரத்தூள் ஆலையொன்று 2015-இல் வெடித்து நால்வர் மாண்டனர். வீட்டில் அவ்வளவு தூள் சேர்வதில்லை என்பது உண்மையே. எனினும் பையை அவ்வப்போது வெளியே கொட்டுவதும், இரும்பையும் மரத்தையும் ஒரே நாளில் கலந்து தேய்க்காதிருப்பதும் எளிய செயல்கள்தாமே.

விசையை நிறுத்தியவுடன் வட்டு நின்றுவிடுவதில்லை; ஓசை அடங்கிய பின்னும் சிறிது நேரம் சுழலும். அது முற்றும் நின்ற பின்னரே மேடைமேல் கிடக்கும் துண்டை எடுத்தல் வேண்டும். உப்புத்தாளை மாற்றுவதாயின் மின்செருகியைப் பிடுங்கிவிடுதல் வேண்டும். முகமூடியை மட்டும் உடனே கழற்றலாகாது. இருண்ட பட்டறையில் விளக்கொளியை ஒரு பக்கமாகச் செலுத்திப் பார்த்தால், இயந்திரம் நின்று நெடுநேரம் ஆன பின்னும், பொன்னிறத் தூள் அக்கதிரில் மெல்ல மிதந்து கொண்டிருப்பது தெரியும்.