இரண்டரை நாழிகை வழி

தொலைவைக் காலத்தால் அளப்பது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. மைற்கற்கள் நாட்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே ‘நாழிகை வழி’ என்றொரு சொல் நம் மொழியில் வழங்கியது. ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவன் நடந்து கடக்கும் தூரம் அது. விமானப் பயணத்தை மணிக்கணக்கிற் சொல்லக் கேட்குந்தோறும் அந்தப் பழஞ்சொல் உயிர்பெற்று வந்ததாகவே எனக்குத் தோன்றும்.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளி வான்வழியே ஏறத்தாழ 420 கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஒரு மணி அளவு. நம் கணக்கில் இரண்டரை நாழிகை. சென்னை சற்றுத் தொலைவு: 645 கிலோமீற்றர், ஏறக்குறைய மூன்றரை நாழிகை. மாத்தளையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் பேருந்திற் செல்வதற்கே இதனினும் கூடுதலான நேரம் வேண்டும்!

மணிமேகலையும் இக்கடலை வான்வழியே கடந்தவள்தான். புகார் நகரத்து உவவனத்தில் துயின்றவளைத் தெய்வம் எடுத்துச் சென்று, தெற்கே முப்பது யோசனைத் தொலைவில், மணிபல்லவத்தில் விட்டது. அத்தீவு நம் நயினாதீவே என்பர் பலர். காப்பியப் புலவர் யோசனைக் கணக்கை மறவாமற் சொன்னார். கடவுச்சீட்டு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் மாத்தளையில் வாழ்பவர் மனத்தில் முன்னிற்பது வேறொரு பயணம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து மக்கள் ‘கண்டிச் சீமை’க்குப் புறப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரை சேர்ந்தனர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல். நாளொன்றுக்குப் பதினைந்து மைல் என்றாலும் பத்து நாள். கைக்குழந்தையும் சட்டிபானையும் சுமந்து காட்டுவழியே வருபவர் பதினைந்து மைல் நடப்பரோ? காய்ச்சலும் வாந்திபேதியும் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டன. அவர்களுக்கு நடுகல் இல்லை. பிழைத்தவரை எதிர்கொண்ட மலைநாட்டு ஊர் மாத்தளை. முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேருக்குத் தோட்டங்களிலிருந்து மக்கள் திரளும்போதெல்லாம், அந்த நடைவழி வந்து முடிந்த இடம் இதுவே என்று எண்ணிக்கொள்வேன்.

1880 இல் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. நெடுநடை ஓரிரு நாட் பயணமாகச் சுருங்கியது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. அதற்கு இரண்டு மாதம் முன்னர், ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ மக்களையே பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அண்ணன் கோத்தகிரியிலும் தம்பி இரத்தோட்டையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

அவர்களுக்கிடையே உள்ள தூரத்தை விமானம் குறைத்ததா? நேரத்தைக் குறைத்தது, உண்மை. பயணச்சீட்டின் விலையைத் தோட்டத்து நாட்கூலியால் வகுத்துப் பார்த்தால் வாரக்கணக்கு வருகிறது. கடவுச்சீட்டு, விசா, அவற்றுக்கான அலைச்சல் ஆகியன வேறு. அண்ணனின் சாவுச் செய்தி தொலைபேசியில் அன்றே வந்துவிடுகிறது. கடன்பட்டுப் புறப்படும் தம்பி பதினாறாம் நாட் கருமாதிக்கேனும் போய்ச் சேர்ந்தால் பெரிது.